நள்ளிரவில் வந்த பார்மசிஸ்ட் சொன்னதை நம்பலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருந்தார். காத்திருக்கக்கூடிய கேள்விகள் இல்லை என்பதால் அன்றே அவருக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே தவிப்பில் வேறு வீடுகளும் இருக்கும். அதனால் அவர் சம்மதத்துடன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி, கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நான் பல வருடங்களாக நோய்த்தணிப்புச் சிகிச்சைக் குழுவில் இருக்கும் மருந்தாளுநர். இரவில் அழைப்பு வந்தால் நோயாளியின் வீட்டுக்குப் போகிற வேலை என்னுடையது.

கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய அப்பாவுக்கு 71 வயது. நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது. இனி கீமோ பயன் தராது, வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லி ஆறு வாரம் ஆகிறது. வலிக்குக் காலையும் இரவும் 30 மி.கி. மார்ஃபின் மாத்திரை, கூடவே வேறு பத்து மருந்துகள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அப்பாவால் மாத்திரையை விழுங்க முடியவில்லை. இவர் அதைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். அப்பா மறுநாள் மதியம் வரை அசையாமல் தூங்கினார். சனிக்கிழமை இரவு வலி தாங்கமுடியாமல் போனது. அப்பாவைக் கவனிக்கும் நோய்த்தணிப்புக் குழுவின் அவசர எண்ணை அழைத்ததும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பெண் மருந்தாளுநர் வீட்டுக்கு வந்தார். எல்லா மருந்துகளையும் கட்டில்மேல் கொட்டிப் பார்த்தார். மருத்துவரிடம் போனில் பேசினார். மாத்திரைக்குப் பதில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் திரவமும், இடையில் வலி வந்தால் அதே அளவு கூடுதலாகவும் கொடுக்கச் சொன்னார். ஏழு மருந்துகளை நிறுத்தினார். ஊசி மருந்துகள் அடங்கிய ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார். அப்பா அன்றிரவு தூங்கினார்.

மறுநாள் அண்ணன் வந்ததும் சண்டை. “மருந்துக்கடைக்காரங்களுக்கு வீட்டுக்குள்ள என்ன வேலை? டாக்டர் வரலையா? ஹார்ட் மாத்திரையை நிறுத்திட்டு மார்ஃபின் ஊத்தினா அப்பா எத்தனை நாள் இருப்பார்?” இந்தக் கேள்வி சகோதரியின் மனதில் ஆணியாக இறங்கிவிட்டது. அன்றிலிருந்து கூடுதல் டோஸைப் பாதிதான் கொடுக்கிறார், அதுவும் அப்பா முனகினால் மட்டும். “நான் அப்பாவைக் கொன்றுகொண்டிருக்கிறேனா?” என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி: “மாத்திரையைப் பொடித்ததை வீட்டுக்கு வந்த பார்மசிஸ்டிடம் சொல்லவில்லை. திட்டுவாரோ என்று பயமாக இருந்தது.”

அன்புள்ள சகோதரி,

ஓரத்தில் எழுதிய அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே குழுவை அழைத்து அதைச் சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று சொன்னால் போதும். பன்னிரண்டு மணி நேர மாத்திரை, உள்ளே போன பிறகு மருந்தைச் சிறுகச் சிறுக விடும்படி செய்யப்பட்டது. பொடித்தால் அந்த அமைப்பு உடைந்துவிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்கான மார்ஃபின் மொத்தமாக உடம்பில் இறங்கும். அப்பா அவ்வளவு நேரம் எழாமல் தூங்கியதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். தூக்கத்தில் காலை மாத்திரையும் தவறியிருக்கும். அதனால் சனி இரவு உடம்பில் மருந்தே இல்லாத நிலையில் வலி திரும்பியிருக்கும்.

இது தெரியாத ஒருவர், அன்றைய வலியை மட்டும் பார்த்தால், “பழைய அளவு போதவில்லை” என்று நினைத்து அளவைக் கூட்டிவிட வாய்ப்பு உண்டு. நல்லவேளை, நீங்கள் எழுதியிருக்கும் கணக்குப்படி உங்கள் வீட்டுக்கு வந்த மருந்தாளுநர் கூட்டவில்லை. நாளுக்கு 60 மி.கி. என்ற பழைய அளவையே 10 மி.கி. வீதம் ஆறாகப் பிரித்திருக்கிறார். இருந்தாலும் அவருக்கு உண்மை தெரிய வேண்டும். யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். விழுங்க முடியாமல் வலியில் இருக்கும் அப்பாவின் முன்னால், கையில் ஒரு மாத்திரையோடு, இரவில் தனியாக நின்ற ஒரு மகள் செய்த காரியம் அது. “விழுங்க முடியாமல் போனால் என்ன செய்வது” என்று யாராவது முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தவறு எங்கள் பக்கத்தில் நடந்தது.

இனிமேல் எந்த மாத்திரையையும் பொடிக்கும் முன், எந்தக் கேப்ஸ்யூலையும் திறக்கும் முன், ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். சிலவற்றைப் பொடிக்கலாம், சிலவற்றைக் கூடவே கூடாது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பார்மசிஸ்ட் ஏன் வீட்டுக்கு வந்தார்?

உங்கள் அண்ணனின் கேள்வி நியாயமானதுதான். மருந்தாளுநர் என்றால் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவர் என்றுதான் பெரும்பாலோர் பார்த்திருக்கிறார்கள். புற்றுநோயின் கடைசி வாரங்களில் நிலைமை வேறு. அந்த நாட்களில் வீட்டில் நடக்கும் அவசரங்களில் பாதிக்கு மேல் மருந்து சம்பந்தப்பட்டவையாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை இறங்கவில்லை, வாந்தியில் வெளியே வந்துவிட்டது, மார்ஃபின் தீர்ந்துவிட்டது, கடையில் இருப்பு இல்லை, இரண்டு மருந்து ஒன்றோடொன்று மோதுகிறது, எதை முதலில் கொடுப்பது என்று யாருக்கும் புரியவில்லை. இப்படித்தான் அழைப்புகள் வரும். இதற்கு ஆம்புலன்ஸ் வந்தால் நோயாளியை ஏற்றிக்கொண்டு போகத்தான் முடியும். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர், மருந்துச் சிக்கல் ஒன்றுக்காக மருத்துவமனை வராந்தாவில் இரவைக் கழிப்பார்.

வீட்டுக்கு வந்தால்தான் தெரியும் விஷயங்கள் உண்டு. ஒரு வீட்டுக்கு அதிகாலை இரண்டு மணிக்குப் போனேன். நோயாளிக்கு ஐந்து நாளாக வலி. மார்ஃபின் கொடுத்தும் கேட்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பாட்டிலை எடுத்துப் பார்த்தால் முழுசாக இருக்கிறது. குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்க, அழுத்தித் திருகும் மூடி போட்டிருப்பார்களே, அதை அந்த அம்மாவின் மூட்டுவலி பிடித்த விரல்களால் திறக்க முடியவில்லை. சொல்லக் கூச்சப்பட்டு, “கொடுத்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவரிடம் இருந்த காகிதத்தில் “மார்ஃபினுக்கு வலி கட்டுப்படவில்லை” என்று எழுதியிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அளவை இரட்டிப்பாக்கியிருப்பார்கள். மூடியை மாற்றிக் கொடுத்தேன், வலி அடங்கியது. எந்த ஸ்கேனிலும் தெரியாத காரணம் அது. உங்கள் வீட்டுக்கு வந்தவர் மருந்துகளைக் கட்டில்மேல் கொட்டிப் பார்த்தது இதற்காகத்தான்.

அண்ணனின் கேள்வியில் இன்னொரு பகுதி இருக்கிறது. மருத்துவர் இல்லாமல் இவரே முடிவெடுக்கலாமா? இது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் தனிப்பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் 2006 முதல் தாங்களே மருந்து எழுதிக்கொடுக்கலாம். வேறு பல இடங்களில் அந்த அதிகாரம் இல்லை, மருத்துவர்தான் எழுத வேண்டும். மார்ஃபின் போன்ற கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கு விதிகள் இன்னும் கறார். உங்கள் வீட்டுக்கு வந்தவர் மருத்துவரிடம் போனில் பேசி, ஒப்புதல் வாங்கி, அதன் பிறகே மாற்றினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முறை. அண்ணனுக்குச் சந்தேகம் இருந்தால் வந்தவரின் பெயர், பதிவு விவரம், எந்த மருத்துவரிடம் பேசினார் என்பதைக் குழுவிடம் தாராளமாகக் கேட்கலாம். எழுத்தில் தரச்சொல்லவும் உரிமை உண்டு. நான் போகும் வீடுகளில் யாராவது இப்படிக் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு மருந்தைக் குறைப்பதுதான் எனக்குப் பயம்.

மறுபடி அழைக்கலாமா என்று தயங்கியிருக்கிறீர்கள். அழைக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆனால் ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: “அவர் வந்து பார்க்கட்டும்” என்று மருந்து கொடுக்காமல் காத்திருக்காதீர்கள். வலி வந்தால் முதலில் கூடுதல் டோஸ், அப்புறம் போன். அழைக்கும்போது மருந்து எழுதிய தாளும், கடைசி டோஸ் கொடுத்த நேரமும், பாட்டிலில் மீதி எவ்வளவு என்பதும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்தக் குழுக்கள் எல்லா இடத்திலும் கிடையாது என்பது தெரியும். வீட்டுக்கு வர ஆள் இல்லாத இடத்தில் இருப்பவர்கள், வாரக் கடைசி வருவதற்கு இரண்டு நாள் முன்பே வழக்கமான மருந்தாளுநரைப் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள்: மார்ஃபின் திரவமும் ஊசியும் உங்களிடம் இருப்பு இருக்கிறதா? இல்லையென்றால் இரவில் எங்கே கிடைக்கும்? வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவது கொடுமை.

மார்ஃபின் ஆயுளைக் குறைக்குமா?

இல்லை. வலிக்கு ஏற்ற அளவில், படிப்படியாகச் சரிசெய்து கொடுக்கும் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. மார்ஃபினை மரணத்தோடு சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம், அதைப் பல இடங்களில் கடைசி இரண்டு நாளுக்கு மட்டும் ஒதுக்கிவைத்திருந்ததுதான். மார்ஃபின் வந்தது, ஆள் போய்விட்டார் என்று பார்த்தவர்கள் முடிச்சுப்போட்டுக்கொண்டார்கள். சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1967இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியபோது வலியுறுத்தியதே இந்த முடிச்சை அவிழ்க்கும் விஷயத்தைத்தான்: வலி வந்த பிறகு துரத்தாதே, கடிகாரம் பார்த்து முறையாகக் கொடு. 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான வழிகாட்டியை வெளியிட்டபோது அதிலும் “வாய்வழியாக, கடிகாரப்படி” என்பதுதான் அடிப்படை. போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 1961ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தமே, வலியைத் தணிக்க இந்த மருந்துகள் இன்றியமையாதவை என்று முகப்பில் ஒப்புக்கொள்கிறது.

இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பதைப் பார்ப்போம். உங்கள் வீட்டுக்கு வந்தவர் கூடுதல் டோஸாக 10 மி.கி. எழுதியிருக்கிறார். ஒரு நாளைய மொத்த மார்ஃபினில் பத்தில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை கூடுதல் டோஸாகக் கொடுப்பது வழக்கம். 60 மி.கி.க்கு அது 6 முதல் 10 மி.கி. ஆக, அவர் சொன்னது அந்த வரம்புக்குள் இருக்கிறது. நீங்கள் கொடுப்பது 5 மி.கி., அதுவும் முனகல் கேட்ட பிறகு. வாய்வழி திரவம் வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும். நீங்கள் காத்திருந்த நேரத்தையும் சேர்த்தால் அப்பா ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் வலியில் கிடக்கிறார். அப்புறம் கிடைப்பது அரைகுறை நிவாரணம். சிறிது நேரத்தில் மறுபடி வலி. பயத்தில் குறைத்துக் கொடுப்பதால் அவருக்குக் கூடுதலாக ஒரு நாள்கூடக் கிடைப்பதில்லை, இருக்கும் நாட்களின் அமைதிதான் குறைகிறது. கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது பொடித்த மாத்திரை இல்லை, இந்தப் பாதி டோஸ்தான்.

படுக்கையைத் திருப்பும் முன், உடம்பு துடைக்கும் முன், எப்போதும் வலி வருகிறது என்றால் அரை மணி முன்பே கூடுதல் டோஸ் கொடுக்கலாமா என்று குழுவிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். ஒரு நோட்டில் நேரம், அளவு, ஒரு மணி கழித்து வலி எப்படி என்று மூன்றே விஷயம் எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் கூடுதல் டோஸ் தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று அர்த்தம். அதை அவர்கள் மாற்ற வேண்டும், நீங்கள் சமாளிக்கக் கூடாது.

அளவில் ஒரே ஒரு கவனம். மார்ஃபின் திரவம் எல்லாம் ஒன்றில்லை. 5 மி.லி.யில் 10 மி.கி. இருக்கும் வகையும் உண்டு, ஒரே மி.லி.யில் 20 மி.கி. இருக்கும் அடர்ந்த வகையும் உண்டு. இரண்டாவது, முதலாவதைப் போல் பத்து மடங்கு வீரியம். பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைப் படியுங்கள். அளவை மி.கி., மி.லி. இரண்டிலும் எழுதித் தரச்சொல்லுங்கள். ஸ்பூன் வேண்டாம், வாய்வழி சிரிஞ்சில்தான் அளக்க வேண்டும்.

அடிமையாகிவிடுவாரோ என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உடம்பு மருந்துக்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. மனம் போதையைத் தேடி அலைவது வேறு விஷயம். வலிக்காக மார்ஃபின் எடுக்கும் உங்கள் அப்பாவின் நிலையில் அது கவலைப்பட வேண்டியதே இல்லை. கவலைப்பட வேண்டியது மலச்சிக்கல்: மார்ஃபின் எடுப்பவர்களில் அநேகமாக எல்லோருக்கும் வரும், தானாகப் போகாது. மலமிளக்கியைத் தினமும் கொடுங்கள், சாப்பாடு குறைந்துவிட்டது என்று அதை நிறுத்தாதீர்கள். குமட்டலும் அதிகத் தூக்கமும் தொடக்கத்தில் சில நாள் இருந்து பெரும்பாலும் தணியும். உடம்பு வெட்டிவெட்டி இழுப்பது, இல்லாத ஆட்களைப் பார்ப்பது, எழுப்பவே முடியாத தூக்கம் ஆகியவை வந்தால் உடனே சொல்லுங்கள். சிறுநீரகம் தளரும்போது மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கும். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாறவோ வேண்டியிருக்கும்.

அப்புறம், யாரும் உங்களிடம் சொல்லத் தயங்குகிற ஒன்று. ஒரு நாள் கொடுக்கும் டோஸ், கடைசி டோஸாக இருக்கும். அதைக் கொடுத்தது உங்கள் கையாக இருக்கலாம். கொடுத்துப் பத்து நிமிடத்தில் அப்பாவின் மூச்சு நின்றுபோகலாம். அந்த நிமிடத்தை வருடக்கணக்கில் சுமந்துகொண்டு திரிகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்: நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்கும் வீட்டில், உயிர் எந்த நேரத்தில் பிரிந்தாலும் அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் யாரோ ஒருவர் மருந்து கொடுத்திருப்பார். வேறு மாதிரி நடக்கவே வாய்ப்பில்லை. கடைசி நாட்களில் மூச்சு நின்று நின்று வருவதும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்பதும், நாள் முழுக்கத் தூங்குவதும் நோய் தன் வழியில் போவதன் அடையாளங்கள். மார்ஃபினே எடுக்காதவர்களும் அப்படித்தான் போகிறார்கள். இந்தப் பத்தியை அண்ணனும் படிக்கட்டும்.

நிறுத்திய ஏழு மருந்துகள்

கொலஸ்ட்ரால் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு இரண்டு, சர்க்கரை மாத்திரை, கால்சியம், வைட்டமின், இரும்புச்சத்து. இவைதானே ஏழு? இவற்றில் பலவும் வருடங்களைக் கணக்கில் வைத்துக் கொடுப்பவை. கொலஸ்ட்ரால் மாத்திரை பல வருடம் கழித்து வரக்கூடிய மாரடைப்பைத் தடுப்பதற்கு. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஆயுள் குறைவாக எஞ்சியிருந்த 381 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு அந்த மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். அறுபது நாட்களுக்குள் இறந்தவர்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நிறுத்தியவர்களின் வாழ்க்கைத்தரம் சற்று நன்றாகவே இருந்தது. விழுங்கவே சிரமப்படும் ஒருவருக்கு ஒவ்வொரு மாத்திரையும் ஒரு போராட்டம். சாப்பாடு குறைந்து எடையும் குறைந்த பிறகு, பழைய அளவு ரத்த அழுத்த மாத்திரை தலைசுற்றலைக் கொடுக்கும். சர்க்கரை மாத்திரை சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்கிவிடலாம்.

ஆனால் அண்ணனின் பயத்தில் உண்மையும் இருக்கிறது. சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை நிறுத்தாமல் பாதியாக்கச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதுதான். அண்ணன் நினைப்பதுபோல் “ஹார்ட் மாத்திரை” நிற்கவில்லை. டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான். வாரக்கணக்கில் எடுத்தவருக்குச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு துவண்டுவிடும். அதைக் காலையில் கொடுங்கள், மாலையில் கொடுத்தால் தூக்கம் கெடும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால், அப்பாவுக்குத் தாகமும் சிறுநீரும் திடீரென்று கூடினால் சொல்லுங்கள், சர்க்கரை மருந்து பற்றிய முடிவை மறுபடி பார்ப்பார்கள். இவை எல்லாமே திருப்பி மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவுகள்தான்.

அலமாரியில் இருக்கும் பெட்டி

அந்தப் பெட்டியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்கிறீர்கள். அதில் வழக்கமாக நான்கு காரியங்களுக்கான மருந்து இருக்கும்: வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் ஊசி, பதற்றத்துக்கு மிடாசோலம், குமட்டலுக்கு ஹாலோபெரிடால் போன்ற ஒன்று, தொண்டையில் சேரும் நீருக்கு ஒன்று. அப்பா அறவே விழுங்க முடியாத நாள் வந்தால், இரவில் மருந்து தேடி யாரும் ஓடாமல் இருக்க இந்த ஏற்பாடு. பெட்டி வந்துவிட்டது என்பதால் நாளையே முடிவு என்று அர்த்தமில்லை. திறக்காமலே திருப்பிக் கொடுத்த பெட்டிகள் எத்தனையோ. நீங்களாக ஊசி போட வேண்டியதில்லை. சில இடங்களில் வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பார்கள், விருப்பமில்லை என்றால் தயங்காமல் மறுக்கலாம். தேவை தொடர்ச்சியானால் தோலுக்கு அடியில் சிறு ஊசியைப் பொருத்தி, சிரிஞ்ச் பம்ப் மூலம் 24 மணி நேரமும் மருந்து போகும்படி செய்வார்கள். ஊசிவழி மார்ஃபினின் எண்ணிக்கை வாய்வழி அளவில் ஏறக்குறைய பாதியாக இருக்கும். அதைப் பார்த்து “குறைத்துவிட்டார்கள்” என்று நினைக்க வேண்டாம், உடம்பில் சேரும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

பின்னாளில், தோலில் ஒட்டும் பேட்ச் பற்றிப் பேச்சு வந்தால் மூன்றை நினைவில் வையுங்கள். ஃபென்டனில் பேட்ச் முழுதாக வேலை செய்ய 12 முதல் 24 மணி நேரம் ஆகும், திடீர் வலிக்கு அது உதவாது. அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது, சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே போய்விடும். கழற்றிய பேட்சை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், அதில் மருந்து மிச்சமிருக்கும். மார்ஃபினும் பெட்டியும் பூட்டில் இருக்கட்டும், ஆனால் சாவி எங்கே என்பது இரவில் விழித்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். மீந்த மருந்துகளைக் குப்பையிலோ கழிவறையிலோ போடாமல் குழுவிடமோ மருந்தகத்திடமோ எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.

உடனே அழைக்க வேண்டியவை

அப்பாவின் முதுகெலும்பில் நோய் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். கால்கள் திடீரென்று வலுவிழந்தால், மரத்துப்போனால், சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனால், முதுகைச் சுற்றிப் பட்டையாக இறுக்குவதுபோல் புதிய வலி வந்தால், அது எந்த நேரமானாலும் அப்போதே அழையுங்கள். தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம், மணிக்கணக்கு முக்கியம். கூடுதல் டோஸ் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்தும் வலி அடங்காவிட்டாலும், மருந்தெல்லாம் வாந்தியில் போய்விட்டாலும், மூச்சு வழக்கத்தை விட மிக மெதுவாகி எழுப்பியும் எழாவிட்டாலும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. மூன்று பக்கக் கடிதத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அண்ணன் என்ன சொன்னார், பார்மசிஸ்ட் என்ன சொன்னார் என்று எல்லாம் இருக்கிறது. அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. “ஒன்றும் சொல்ல மாட்டார், கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொள்வார்” என்பது மட்டும் இருக்கிறது. அவர் நினைவோடு இருக்கிறார், பேசுகிறார். எந்த மருந்து, எவ்வளவு, வேண்டுமா வேண்டாமா என்பது முதலில் அவருடைய முடிவு. உங்களுக்கும் அண்ணனுக்கும் நடக்கிற வாக்குவாதத்தில் அவர்தான் வலியோடு நடுவில் படுத்திருக்கிறார்.

இன்று மாலை அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள். “அப்பா, இப்ப வலி எவ்வளவு இருக்கு? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. மருந்து கொஞ்சம் கூடினா தூக்கம் வரலாம், பரவாயில்லையா? இல்ல, கொஞ்சம் வலி இருந்தாலும் முழிச்சிருந்து எங்ககூடப் பேசணுமா?” அவர் சொல்வதை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அப்படியே எழுதுங்கள், தேதி போடுங்கள். அடுத்த முறை குழுவிலிருந்து யார் வந்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.